பல்கலைக்கழகப் பிரவேசமும் அளவுகோல்களின் அரசியலும்

ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை வெளியிடும் காலத்தில், கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது. தரப்படுத்தல் என்னும் அநியாயம் தமிழ் மாணவரின் தலையில் விழுந்தது, இனியேனும் புள்ளிகள் மட்டுமே பேசட்டும் என்பர் ஒரு சாரார். புள்ளிகள் மட்டுமே பேசுமாயின் முல்லைத்தீவும் மன்னாரும் மொனராகலையும் என்றைக்கு வாய் திறப்பது என்பர் மறு சாரார். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருவரும் வாய்பாட்டைப் பற்றியே வாதிடுகின்றனர். அவ்வாய்பாட்டுக்குள் யாரை யாரோடு சேர்த்து எண்ணுவது என்று தீர்மானித்தவர் யார், எக்காரணத்தால் தீர்மானித்தார் என்ற வினா எழுவதில்லை. அவ்வினாவை முன்வைத்து இவ்வரலாற்றைத் திருப்பிப் பார்ப்பது பயனுடையது என நாம் கருதுகிறோம்.

1921இல் கொழும்பு தர்ஸ்டன் வீதியில் ஆரம்பமான பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 ஜூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதலாவது துணைவேந்தர். அன்று அங்கு பயின்றோர் தொகை ஆயிரத்துக்கும் குறைவே. அக்காலத்தைத் திறமை ஒன்றே கோலோச்சிய பொற்காலமெனப் புகழ்ந்துரைக்கும் முதியோரை இன்றும் நாம் சந்திக்கிறோம். தரப்படுத்தல் அன்று இல்லை, கோட்டா இல்லை என்பது மெய்யே. ஆனால் ஆங்கிலம் இருந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலைக்குக் கட்டணம் செலுத்த முடியாத தகப்பனின் பிள்ளை பல்கலைக்கழக வாசலுக்கு வருவதற்கு முன்னரே கழிக்கப்பட்டு விட்டது. கழிக்கப்பட்டோர் எவரும் விண்ணப்பிக்காதபடியால் கழிவு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அவ்வளவே.

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், நாட்டுப்புறங்களில் எழுந்த மத்திய மகா வித்தியாலயங்களும் அந்தக் கதவை ஓரளவு திறந்தன. 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார என்னும் இரு பிரிவெனாக்கள் பல்கலைக்கழகங்களாயின. 1960ஐ ஒட்டிக் கலைத்துறைப் படிப்பு சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியது. இதன் விளைவாகப் பெருகியது கலைத்துறையே. மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் பழைய வாசல் வழியாகவே மாணவரை ஏற்றன. இலவசக் கல்வி கட்டணத்தை ஒழிக்கலாம். ஆய்வுகூடத்தையும் பௌதிகவியல் ஆசிரியரையும் கிராமத்துக்கு அனுப்பிவிடாது. 1960களின் இறுதியில் விஞ்ஞானத்துறைப் பிரவேசத்தில் மூன்றில் இரு பங்கு மேல் மாகாணத்துக்கும், நான்கில் ஒரு பங்குக்கு மேல் வட மாகாணத்துக்கும் சென்றன. வட மாகாணத்தில் வாழ்ந்தோர் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 7 வீதத்தினர். பொறியியல் பீடத்தில் தமிழர் பங்கு அரைவாசியை எட்டியிருந்தது.

இப்புள்ளிவிபரத்தை யாழ்ப்பாணத்து மூளையின் சிறப்பு என்று பெருமை பேசியோர் உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823இல் அவர்கள் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி, அவர்களோடு போட்டியிட்டு எழுந்த சைவப் பாடசாலைகள், உத்தியோகத்தைத் தவிர வேறு வழி காட்டாத வரண்ட நிலம் ஆகியன ஒன்றரை நூற்றாண்டு காலம் சேர்ந்து விளைவித்த விளைவு அது. அவ்விளைவிலும் எல்லோருக்கும் பங்கு கிடைக்கவில்லை. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் சம ஆசனம் வழங்குவதை எதிர்த்து 1930ஐ ஒட்டி ஆவேசங்கொண்ட சமூகமே யாழ்ப்பாணத்துச் சமூகம். பேராதனையில் அமர்ந்த யாழ்ப்பாணத்து மாணவரில் தீவுப்பகுதியின் கூலிவிவசாயி மகன் எத்தனை பேர், பஞ்சமர் வீட்டுப் பிள்ளை எத்தனை பேர் என எமது தலைவர்கள் அன்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இதனை இங்கு கூறுவது பின்னால் வந்த அநீதியை நியாயப்படுத்துவதற்கன்று. அந்த அநீதி ஒரு உண்மையான ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டிக்கொண்டே வந்தமையால்தான் அது ஆபத்தானதாயிற்று என்பதை விளக்குவதற்கே.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் கல்வி அமைச்சராயிருந்தவர் பதியுதீன் மஹ்மூத். தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்குப் புள்ளிகளை அள்ளி வழங்கினர் என்றொரு குற்றச்சாட்டு அப்போது பரவியது. அது நிறுவப்படவில்லை. ஆயினும் அரசாங்கம் மொழிவாரியாக வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகளை விதித்தது. 1971ஆம் ஆண்டுப் பிரவேசத்தில் 400 புள்ளிகளுக்கு, பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 227 பெற்றால் போதும், தமிழ் மொழிமூல மாணவர் 250 பெறவேண்டும். மருத்துவத்துக்கு அது 229, 250 என அமைந்தது. அதே ஏப்ரலில் தெற்கின் கிராமப்புறச் சிங்கள இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தனர் என்பதையும் சேர்த்து நோக்கல் வேண்டும். சுயமொழிக் கல்வி கற்று வேலையின்றித் திரிந்தோரின் கிளர்ச்சி அது. பட்டம் வழங்கவும் தொழில் வழங்கவும் பொருளாதாரம் வளராத நாட்டில், இருக்கும் சில நூறு ஆசனங்களை இனங்களுக்கிடையே இடம்மாற்றி வைப்பது ஆளும் வர்க்கத்துக்கு மிக மலிவான சீர்திருத்தம். இந்த மலிவுக்கு நாடு பின்னர் கொடுத்த விலையை நாம் அறிவோம். 1970இல் தோன்றிய தமிழ் மாணவர் பேரவை இப்பிரச்சினையை மையமாகக் கொண்டே வளர்ந்தது. 23 புள்ளிகளின் வித்தியாசம் ஒரு தலைமுறையின் வழியை மாற்றியது.

1973இல் இருவேறு வெட்டுப்புள்ளிகள் கைவிடப்பட்டு, தரப்படுத்தல் என்னும் புள்ளியியல் முறை புகுத்தப்பட்டது. அதன் பொறிமுறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். எமது மாணவர்கள் இச்சொல்லை வசைச்சொல்லாக அறிவரேயன்றிக் கணக்காக அறியார். ஒரு கற்பனை உதாரணம் கொள்வோம். ஒரு பாடத்தில் தமிழ்மொழி மூலம் எழுதியோரின் சராசரி 50, சிங்கள மொழிமூலம் எழுதியோரின் சராசரி 40, இரண்டிலும் நியம விலகல் 10 என்க. 60 புள்ளி பெற்ற தமிழ் மாணவர் தம் சராசரிக்கு ஒரு விலகல் மேலே நிற்கிறார். 50 பெற்ற சிங்கள மாணவரும் தம் சராசரிக்கு ஒரு விலகல் மேலே நிற்கிறார். ஆகவே இருவரும் சமம் எனக் கணக்கு முடிகிறது. பத்துப் புள்ளி காற்றில் கரைந்தது. இவ்வாறு செய்ததும் ஒவ்வொரு மொழியிலும் தெரிவாவோர் தொகை அம்மொழியில் பரீட்சை எழுதியோர் தொகைக்கு விகிதசமமாக வந்து நிற்கும். வேண்டப்பட்டதும் அதுவே.

கணக்கில் பிழை எங்கே? கழித்தலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. சராசரி காண்பதற்கு மாணவரைக் குழுவாக்கிய இடத்திலேதான் பிழை. தமிழ்மொழி மூலம் எழுதியோர் அனைவரும் ஒரே வசதியில் வாழ்ந்தோர் என்று அந்தச் சராசரி கொண்டது. யாழ்ப்பாண நகரின் பெருங்கல்லூரி மாணவரும், மன்னாரில் விஞ்ஞான ஆசிரியரைக் கண்டறியாத மாணவரும், மட்டக்களப்புப் படுவான்கரையில் ஆற்றைக் கடந்து பள்ளிக்குச் சென்ற மாணவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர். மறுதட்டில் கொழும்பின் பெருங்கல்லூரிச் சிங்கள மாணவருக்கு மொனராகலைப் பிள்ளையின் வறுமை இலவசக் கவசமாயிற்று. மொழி என்ற குழு வர்க்கத்தை மறைத்தது. மறைப்பதற்கு அதைவிட வாய்ப்பான திரை இலங்கையில் வேறு இல்லை.

1974இல் தரப்படுத்தலோடு மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. விஞ்ஞானத்துறையில் வட மாகாணத்தின் பங்கு அதன் சனத்தொகை விகிதத்தை அண்மித்த அளவுக்கு இறங்கியது. பொறியியலில் தமிழரின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்றாயிற்று. மேல் மாகாணமும் தன் முன்னைய பங்கின் பெரும்பகுதியை இழந்தது என்பது தமிழ் மேடைகளில் அரிதாகவே சொல்லப்படும். மாவட்ட முறையின் பயனை முதலில் அனுபவித்தோரில் பின்தங்கிய மாவட்டங்களின் தமிழரும் முஸ்லிம்களும் உண்டு என்பதும் அவ்வாறே. அதே 1974 அக்டோபரில் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டு, கைலாசபதி அதன் முதல் தலைவரானார். ஒரு கையால் பறித்ததை மறு கையால் ஓரளவு ஈடுசெய்தது போன்ற செயல் அது. ஆயினும் அவ்வளாகத்தால் விளைந்த பயன் நிலைத்தது.

1977இல் ஆட்சி மாறியதும் மொழிவாரித் தரப்படுத்தல் நீங்கிற்று. இந்த ஆண்டைக் குறித்து வைத்தல் நன்று. ஏனெனில் இன்றைய இசட் புள்ளியையும் அன்றைய தரப்படுத்தலையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் படித்தவரிடையேயும் நிலவுகிறது. மாவட்ட ஒதுக்கீடோ நீங்கவில்லை. 1979 முதல் 30 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படியும், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பிரிந்தது. காலத்துக்குக் காலம் எண்கள் மாறி, பின்னர் 40, 55, 5 என்னும் விகிதம் நிலைபெற்றது. கலைத்துறைக்கு மட்டும் அகில இலங்கைத் திறமையே அடிப்படை.

இனி, மாவட்டம் என்னும் அளவுகோலைக் கொழும்பின் தெருக்களில் வைத்துப் பார்ப்போம்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொழும்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் நிறைந்துள்ளன. 1983க்குப் பின்னரும், 1995இன் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னரும் அங்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. வந்தவர்களின் பிள்ளைகள், எறிகணைக்கு அஞ்சிப் பதுங்குகுழியில் புத்தகம் விரித்தவர்கள், இங்கு பாடசாலையில் சேர்ந்து உரிய காலம் படித்ததும் 'கொழும்பு மாவட்டத்து மாணவர்' ஆயினர். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பயின்ற பாடசாலையின் மாவட்டமே மாணவரின் மாவட்டம் என்பது விதி. யுத்தம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று விதி கேட்பதில்லை. எனினும் வெள்ளவத்தைக்கு வேறு சில கதவுகளும் உண்டு. வெளிநாட்டு உறவினரின் பணம், மாலை வகுப்புகள், இலண்டன் பரீட்சை, தனியார் பட்டப்படிப்பு என ஒரு கதவு அடைத்தால் மற்றொன்றைத் தட்டலாம்.

கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. ஜம்பட்டா வீதியிலும் புளூமெண்டல் பக்கமும் துறைமுகத் தொழிலாளர், நாட்டாமைகள், செட்டியார் தெருக் கடைச் சிப்பந்திகள், மலைநாட்டிலிருந்து வேலை தேடி வந்து தங்கியோர் ஆகியோரின் குடும்பங்கள் ஒற்றையறை வீடுகளில் வாழ்கின்றன. இரவில் விளக்கு எரிந்தால் வேலைக்குப் போகும் தகப்பன் தூங்க முடியாது. விளக்கு அணைந்தால் பிள்ளை படிக்க முடியாது. தமிழ்மொழி மூலம் இரசாயனவியல் கற்பிக்க ஆசிரியர் இல்லாத தவணைகள் பல நகரத்துப் பாடசாலைகளிலும் உண்டு என்பதை நாம் தொழில்முறையில் அறிவோம். இப்பிள்ளை பரீட்சை மண்டபத்தில் யாரோடு போட்டியிடுகிறது? நாட்டின் மிகச் சிறந்த ஆய்வுகூடங்களும் நூலகங்களும் கொண்ட கொழும்புப் பெருங்கல்லூரிகளின் மாணவரோடு. கொழும்பு வளர்ச்சியடைந்த மாவட்டம். ஆகவே கொட்டாஞ்சேனைக் கூலியின் பிள்ளையும் வளர்ச்சியடைந்த பிள்ளை! அன்று மொழி வர்க்கத்தை மறைத்தது போல இன்று மாவட்டம் மறைக்கிறது. மாறாகப் பின்தங்கிய மாவட்டமொன்றின் தலைநகரில் இருக்கும் வைத்தியரின் மகன், அதே மாவட்டத்துக் காட்டோரக் கிராமத்தின் பெயரால் வழங்கப்பட்ட ஆசனத்தில் அமர்வான். நுவரெலியா மாவட்டத்துக்கு உரிய ஆசனங்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளைச் சென்றடைவன எத்தனை என மலையக ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். நியாயமான கேள்வி.

இசட் புள்ளி 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து வந்தது. பேராதனைப் பேராசிரியர் தட்டில் அதன் ஆலோசகராய் விளங்கினார். கணக்கு 1973இன் கணக்கே. புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து விலகலால் வகுத்தல். ஆனால் சராசரி இப்போது மொழிக்குரியதன்று, பாடத்துக்குரியது. இரசாயனவியலில் சராசரி 35, வேறொரு பாடத்தில் 45, விலகல் இரண்டிலும் 10 எனின், முன்னதில் 55 பெற்றவரும் பின்னதில் 65 பெற்றவரும் சமம். கடினமான வினாத்தாள் வந்த பாடத்தைத் தேர்ந்தவர் தண்டிக்கப்படுவதில்லை. எல்லா மொழியினரும் ஒரே சராசரிக்குள் அடங்குவர். ஒரே கருவி, குழுவை மாற்றியதும் அநீதியைத் துறந்து நியாயத்தின் பக்கம் வந்துவிட்டது. அறிவியல் நடுநிலையானது என்று கூறி ஒதுங்கும் அறிஞர்கள் இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்குவாராக.

குழுவைத் தவறாக வகுத்தால் என்ன நேரும் என்பதற்கு 2011 மீண்டும் சான்றளித்தது. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் இருவகை வினாத்தாள்கள் இருந்தன. வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இரு கூட்டத்தாரையும் ஒன்றுசேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. மாணவரும் பெற்றோரும் நீதிமன்றம் சென்றனர். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்து, இரு கூட்டத்தாருக்கும் தனித்தனியே கணிக்கப் பணித்தது. புள்ளியியல் நுணுக்கம் என்று கைகழுவ முடியாத விடயம் இது என்பதை நீதிபதிகளுக்கு உணர்த்தியோர் பதினெட்டு பத்தொன்பது வயது மாணவர்கள். இவ்வெற்றி நமது மாணவர் வரலாற்றில் போதிய அளவு பேசப்படாதது வியப்பே.

பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்தில் பங்குபெறும் 16 மாவட்டங்களின் பட்டியலை எடுத்து வாசித்தால் அதில் யாழ்ப்பாணத்தின் பெயரும் காணப்படும். 1974இல் முன்னேறிய மாவட்டமென்று குறைக்கப்பட்ட யாழ்ப்பாணம், முப்பதாண்டு யுத்தத்தின் பின் பின்தங்கியதென்று கைதூக்கப்படுகிறது. 23 புள்ளியில் தொடங்கிய வரலாறு இந்தப் பட்டியலில் வந்து நிற்கிறது.

பிரவேச முறையை மதிப்பிட்டுத் திருத்துமாறு நிபுணர் ஒருவர் ஆலோசகராக அழைக்கப்படும்போது அவரிடம் கொடுக்கப்படுபவை இரண்டு: ஆசனங்களின் தொகை, மாணவரின் புள்ளிகள். இவற்றை வைத்து ஒரு வாய்பாடு தருக என்பர். தகுதி பெறும் மாணவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே இடமிருக்கும் நாட்டில், எந்த வாய்பாடும் மூவரை வெளியே நிறுத்தும். ஆசனத் தொகையைப் பெருக்காமல் அரிதட்டை மாத்திரம் மாற்றிக்கொண்டிருப்பதால் தீர்வு வராது என்பதை ஆலோசகர் சொன்னாலும், அது அவர் வேலையன்று என்பார்கள். அப்படியே இருக்கட்டும். அரிதட்டைப் பற்றியேனும் ஒன்று சொல்லலாம்: குழுவாக்க வேண்டியது பாடசாலையை.

இது வெறும் கனவன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டமியற்றி, ஒவ்வொரு பாடசாலையிலும் முதல் பத்து வீதத்துள் வரும் மாணவருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமளித்தது. ஏழைப் பேட்டையின் பாடசாலையாயினும் அதன் முதல் மாணவர் முதல் மாணவரே. தமிழ்நாட்டில் நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரிகளில் அருகிப் போயினர். நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் அந்நிலையை ஆராய்ந்து 10 வீதம் பரிந்துரைத்தது. 2020இல் 7.5 வீத உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அங்கு கேட்கப்பட்டது மாணவரின் மாவட்டம் அன்று, ஆறாம் வகுப்பு முதல் அவர் பயின்ற பள்ளி எது என்பதே. இரண்டும் குறையற்றவை என நாம் கூறவில்லை. டெக்சாஸ் முறையைப் பின்பற்றினால் பெற்றோர் தந்திரமாகப் பாடசாலை மாற்ற முற்படுவர். மாவட்டம் மாறியோரை நாம் காணவில்லையா? ஆயினும் பாடசாலை என்பது மாவட்டத்தைவிட வறுமைக்கு அருகில் நிற்கும் அளவை.

நமது நாட்டில் இதற்கான தரவு புதிதாகத் தேடப்பட வேண்டியதில்லை. ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகளையும் கல்வி அமைச்சு வகைப்படுத்தி வைத்துள்ளது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் அவற்றில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்த வகைப்பாடு பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவானோரின் பட்டியல், அவரவர் பாடசாலைப் பெயருடன், கொழும்பு வார்ட் பிளேஸில் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. கொழும்பு மாவட்டத்துக்கு வழங்கப்பட்ட மருத்துவ, பொறியியல் ஆசனங்களில் எத்தனை எத்தனை பாடசாலைகளுக்குச் சென்றன, கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் வந்தவை எத்தனை, நுவரெலியாவில் தோட்டப் பாடசாலைகளுக்கு எத்தனை என்பதை இவ்விரு பட்டியல்களையும் பொருத்திப் பார்த்தால் சில நாள்களில் கூறிவிடலாம். ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியங்களும் அடுத்த வெட்டுப்புள்ளி வெளிவருமுன் கோர வேண்டியது இந்தப் பொருத்திய பட்டியலையே. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இந்நாட்டில் இருக்கிறது; விண்ணப்பத்தை எழுதுவதற்கு ஒரு தாள் போதும்.